உபவாசமும் உடற்பருமனும்: ஒரு வரலாற்று நோக்கு

உண்ணாதிருத்தலை நம்மவர் நெடுங்காலமாகச் சமயக் கடனாகவே போற்றி வந்துள்ளனர். இக்காலத்திலோ அதனை உடல் நிறையைக் குறைக்கும் உபாயமாகக் கைக்கொள்வோர் பலராயினர். நாளொன்றிற் பதினாறு மணி நேரம் உண்ணாதிருந்து எஞ்சிய எட்டு மணி நேரத்துள் உணவை முடித்துக்கொள்ளுதல், கிழமையில் இரண்டு நாள் மிகச் சுருங்க உண்ணுதல், ஒருநாள் விட்டு ஒருநாள் உணவைக் குறைத்தல் என அது பல வகைப்படும். இவற்றைத் தொகுத்து இடையிட்ட உபவாசம் என வழங்குவர். இது நேற்றுத் தோன்றிய புதுமை என்பர் சிலர். எல்லாப் பிணிக்கும் மருந்து என்பர் வேறு சிலர். உயிர்க்கு ஊறு விளைப்பது என்பாரும் உளர். இக்கூற்றுக்கள் எவ்வளவு தூரம் பொருந்துவன என்பதை வரலாறு கொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். தொடங்கிய நோன்பைத் தளராது நடத்துதற்கும், நடத்துங்கால் உடல் கெடாது காத்தற்கும் அவ்வரலாறு நமக்குச் சில பாடங்களை உணர்த்துகின்றது.

முதற்கண் நம் மரபை நோக்குவாம். உபவாசம் என்னும் வடசொல் அருகில் உறைதல் எனப் பொருள்படும். மனத்தை இறைவன்பால் நிறுத்தி அவன் அருகிருத்தல் என அதனை விளக்குவர். ஐப்பசித் திங்கள் வளர்பிறைப் பிரதமை முதற் சட்டி வரை ஆறு நாள் நோற்கப்படும் கந்தசட்டி விரதத்தில், நீர் மாத்திரம் அருந்துவோரும், பாலும் பழமும் கொள்வோரும், ஒருபொழுது உண்போரும் உளர். அவரவர் வயதுக்கும் வலிமைக்கும் ஏற்ப இவ்வேறுபாடு இடங்கொடுக்கின்றது. விரதம் தொடங்குதற்கு விதி இருப்பது போலவே முடித்தற்கும் விதி உண்டு. அதுவே பாரணை எனப்படுவது. ஏகாதசியில் நோற்றவர் துவாதசியிற் பாரணை பண்ணுவர். இவ்விரதங்களின் நோக்கம் உடல் மெலிதல் அன்று. எனினும், நாள் குறித்தல், பலர் கூடி நோற்றல், முறைப்படி முடித்தல் ஆகிய மூன்றும் இவற்றில் அமைந்திருத்தலை ஈண்டு மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

வைத்திய நோக்கில் உண்ணாமையை ஆராய்ந்த பழைய நூல்களுள் சரக சங்கிதை சிறப்புடையது. அதன் சூத்திர தானத்து இருபத்தோராம் அத்தியாயம், மிகப் பருத்தவரையும் மிக மெலிந்தவரையும் தனித்தெடுத்துப் பேசுகின்றது. அடுத்த அத்தியாயம் உடலை இலேசாக்கும் இலங்கனம் பத்து வகைப்படும் எனக் கூறி, உபவாசத்தை அப்பத்தினுள் ஒன்றாக வைக்கின்றது. தாகம் பொறுத்தல், வெயில், காற்று, உடற்பயிற்சி என்பனவும் அவ்வரிசையில் இடம்பெறுவன. பருத்தவர்க்கு உணவை அறவே நிறுத்துமாறு அந்நூல் விதிக்கவில்லை. மெல்லச் செரிப்பதாயும் அதிக போஷணை தராததாயும் உள்ள உணவையே பரிந்துரைக்கின்றது. நோயாளியின் வலிமை நோக்கியே இலங்கன முறையைத் தெரிதல் வேண்டும் என்பது அதன் கருத்து. திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரமும், முன் உண்டது செரித்த பின் அளவறிந்து உண்ணுதலையே வற்புறுத்துகின்றது. ஆகவே நம் முன்னோர் கருத்தில் அளவே முதன்மை பெற்றது. பட்டினி அதற்குத் துணையாயிற்று.

ஐரோப்பாவில் இவ்வளவு நெறியைத் தம் வாழ்வாலே விளக்கியவர் இத்தாலி நாட்டுப் பிரபுவாகிய லூயிஜி கோர்ணாரோ ஆவர். இளமையில் மிதமிஞ்சி உண்டு குடித்து நோயுற்ற அவர், வைத்தியர் எச்சரித்த பின்னர் நாளொன்றுக்குப் பன்னிரண்டு அவுன்சு உணவும் பதினான்கு அவுன்சு திராட்சை மதுவும் என அளவு வகுத்துக்கொண்டார். முதுமையிற் சுற்றத்தார் வற்புறுத்த, இரண்டிலும் இரண்டிரண்டு அவுன்சு கூட்டினார். சில நாளில் நோய்வாய்ப்பட்டு மீண்டும் பழைய அளவுக்கே திரும்பினார். இவ்வனுபவத்தை 1558 ஆம் ஆண்டிற் பதுவா நகரில் வெளியான தமது நிதான வாழ்க்கை பற்றிய நூலில் அவரே எழுதியுள்ளார். அவர் 1566 இல் மிக்க முதுமையில் இறந்தார். ஒருவர் வாழ்க்கையைக் கொண்டு பொதுவிதி வகுத்தல் முறையன்று. ஆயினும், பல்லாண்டு ஓரளவில் நிற்றல் மனிதர்க்கு இயலும் என்பதற்கும், அன்பு மிகுதியால் ஊட்ட முயலும் சுற்றத்தாரே அதற்குத் தடையாவர் என்பதற்கும் அவர் வரலாறு சான்றாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலண்டனில் ஈமக்கிரியை ஒழுங்கு செய்யும் தொழில் நடத்திய வில்லியம் பான்ரிங் என்பார் பருமனால் மிக வருந்தினார். உயரம் ஐந்தடி ஐந்தங்குலமாக, அவரது நிறை 202 இறாத்தலாயிற்று. சப்பாத்துக் கட்டக் குனிய முடியாமலும், படியிறங்குங்கால் பின்புறமாகவே மெல்ல இறங்க வேண்டியவராயும் அவர் இருந்தார். படகு வலித்துப் பார்த்தார். வலிமை கூடியது, பசியும் கூடியது, நிறையும் கூடியது. காது கேளாமைக்காக அவர் நாடிச் சென்ற வில்லியம் ஹாவி என்னும் வைத்தியர் பாண், சீனி, பியர், உருளைக்கிழங்கு முதலியவற்றை விலக்கச் சொன்னார். 1862 ஆகத்து மாதம் தொடங்கி ஓராண்டளவில் 46 இறாத்தல் குறைந்தது. பான்ரிங் பட்டினி கிடந்தவர் அல்லர். நாளும் நான்கு வேளை உண்டவர். ஆனால் நிறையை நாட்குறிப்போடு அட்டவணைப்படுத்தி, 1863 இல் தாம் வெளியிட்ட சிறு நூலிற் சேர்த்தார். எண்பது வயது கடந்து 1878 இல் அவர் காலமானார். இன்றும் சுவீடிய மொழியில் உணவைக் குறைத்து மெலிதலைக் குறிக்கும் சொல் அவர் பெயரினின்றும் பிறந்ததே.

பட்டினியை ஒரு முறையாக வகுத்தோர் அமெரிக்கர். பென்சில்வேனியா நாட்டு வைத்தியர் எட்வேட் ஹூக்கர் டூயி, காலையுணவை விலக்கும் முறையைப் பரப்பி 1900 ஆம் ஆண்டில் நூலொன்று வெளியிட்டார். இன்று காலையுணவை விடுத்து நண்பகலில் முதலுணவு கொள்வோர், தம்மையறியாமலே அவர் வழியிற் செல்வோராவர். அவருக்கு முன்னரே, 1880 இல், ஹென்றி ரானர் என்னும் வைத்தியர் நியூயோர்க் நகர மண்டபமொன்றிற் பார்வையாளர் காண நாற்பது நாள் உண்ணாதிருந்து 36 இறாத்தல் இழந்தார். பத்து நாட் பட்டினியே உயிரைப் போக்கும் என எண்ணியிருந்த பலர்க்கு அது பெருவியப்பாயிற்று. ஆனால் கண்காட்சிப் பட்டினி, மனிதன் எவ்வளவு தாங்குவான் என்பதைக் காட்டியதேயன்றி, அவனுக்கு எது நன்று என்பதைக் காட்டவில்லை.

1912 ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் இருமுகம் கொண்டது. அவ்வாண்டு ஏப்பிரில், மே மாதங்களிற் பொஸ்ரன் நகர்ப் போஷணை ஆய்வுகூடத்தில், மால்ற்றாத் தீவினர் ஒருவர் காய்ச்சி வடித்த நீர் மாத்திரம் அருந்தி 31 நாள் பட்டினி இருந்தார். பிரான்சிஸ் பெனடிக்ற் என்னும் அறிஞர் அவரது மூச்சு, வெப்பம், சிறுநீர் யாவற்றையும் நாள்தோறும் அளந்தார். 60.6 கிலோகிராமாயிருந்த நிறை 47.4 கிலோகிராமாயிற்று. கொழுப்போடு தசையும் கரைந்தது என்பதை, சிறுநீரில் இறுதி நாள் வரை வெளியேறிய நைதரசன் காட்டிற்று. அதே ஆண்டில் வாஷிங்ரன் மாநில நீதிமன்றம் லிண்டா ஹசாட் என்பாளைக் குற்றவாளியெனக் கண்டது. பட்டினியே எல்லா நோய்க்கும் மருந்தென விளம்பரஞ் செய்து மருத்துவமனை நடத்திய அவளிடம் ஆங்கிலச் சகோதரியர் இருவர் வந்து சேர்ந்தனர். அவருள் ஒருத்தி 1911 இல் எலும்புந் தோலுமாய் இறந்தாள். சிறை மீண்ட ஹசாட், 1938 இல் தானே மேற்கொண்ட பட்டினியின்போது மாண்டாள். அளப்பவர் முன்னிலையில் நிகழ்ந்த பட்டினி அறிவாயிற்று. அளவை வெறுத்தவர் கையில் அதுவே கொலையாயிற்று.

பட்டினி மனத்தை எவ்வாறு தாக்குகின்றது என்பதைத் தெளிவுபடுத்தியது மினசோற்றாப் பல்கலைக்கழகத்தில் 1944 நவம்பரிற் தொடங்கி 1945 இல் நிறைவெய்திய ஆராய்ச்சியாகும். போரிற் பங்கு கொள்ள மறுத்த இளைஞர் முப்பத்தறுவர், போரால் உணவிழந்த மக்களுக்கு உதவும் அறிவு பிறத்தல் வேண்டுமென விரும்பித் தாமே முன்வந்தனர். அன்செல் கீஸ் தலைமையில் அவர்கள் இருபத்துநான்கு கிழமை அரைப்பட்டினி இருந்தனர். உடல் நிறையில் நாலிலொரு பங்கை இழப்பதே குறியாயிருந்தது. அவர்கள் சமையல் நூல்களை விரும்பிப் படித்தனர், பகலும் இரவும் உணவையே நினைத்தனர், நண்பரை வெறுத்தனர், குளிரால் நடுங்கினர். விதி மீறி உண்டவரும் உளர். அதனால் எவரும் தனித்து வெளியே செல்லாது துணையோடு செல்லும் ஒழுங்கு விதிக்கப்பட்டது. பட்டினி முடிந்த பின் வயிறு நிறைந்தும் பசி அடங்கவில்லை. இழந்த கொழுப்பு, தசையினும் விரைந்து மீண்டது. ஆராய்ச்சியின் பயன் 1950 இல் இரு பெருந் தொகுதிகளாக வெளிவந்தது. மனவுறுதி குன்றியவனே நோன்பிற் தளர்வான் என்னும் எண்ணம் தவறென்பதை அத்தொகுதிகள் உணர்த்துகின்றன. உயர்ந்த இலட்சியத்தோடு வந்த இளைஞரையே பசி அவ்வாறு மாற்றியது.

நிறை குறைத்தற்கெனப் பட்டினியை வைத்தியசாலையிற் புகுத்தியோர் 1959 இல் அற்லாந்தாவைச் சேர்ந்த வோல்ற்றர் புளூமும், 1962 இற் பிலடெல்பியாவைச் சேர்ந்த காபீல்ட் டங்கனும் ஆவர். டங்கன் அக்காலத்திலேயே இடையிட்ட முழுப்பட்டினி என்னும் தொடரைத் தம் கட்டுரைத் தலைப்பில் வைத்துள்ளார். இரண்டொரு நாளின் பின் பசி தணிதலை அன்னார் கண்டனர். அதன் காரணத்தின் ஒரு பகுதியை 1967 இல் பொஸ்ரன் அறிஞர் சிலர் விளக்கினர். குளுக்கோசு குறையுங்கால் ஈரல் கொழுப்பைக் கீற்றோன் என்னும் பொருளாக மாற்றுகின்றது. நீடித்த பட்டினியில் மூளை அதனையே தன் முதன்மை எரிபொருளாகக் கொள்கின்றது. ஸ்கொத்லாந்தின் டண்டீ நகரில் 27 வயது இளைஞர் ஒருவர் 1965 முதல் 1966 வரை 382 நாள் வைத்தியர் மேற்பார்வையில் உண்ணாதிருந்தார். விற்றமின், பொற்றாசியம் முதலியன அவருக்கு அளிக்கப்பட்டன. 456 இறாத்தலிலிருந்து 180 இறாத்தலுக்கு இறங்கிய அவரது நிறை ஐந்தாண்டின் பின்னும் 196 இறாத்தலளவிலேயே நின்றது.

இவ்வெற்றி எல்லார்க்கும் கிட்டவில்லை. அப்பத்தாண்டிலேயே பட்டினிச் சிகிச்சையில் இறந்தோர் பற்றிய அறிக்கைகள் வெளிவரலாயின. 1969 இல் வெளியான ஓர் அறிக்கை இருபது வயதுப் பெண்ணொருத்தியைப் பற்றியது; நீண்ட பட்டினியின் பின் மீண்டும் உண்ணத் தொடங்கிய காலத்தில் அவள் இறந்தாள்; இருதயத் தசைநார்கள் சிதைந்திருந்தன. நெடும்பட்டினியின் பின் மிகுதியாய் உண்ணுங்கால் குருதியிற் பொசுபேற்று, பொற்றாசியம் முதலியன திடீரெனக் குறைந்து இருதயம் தடுமாறும் என்பதை வைத்தியர் இன்று நன்கறிவர். இதனால் நம் முன்னோர் பாரணை விதித்தது இக்கால விஞ்ஞானத்தை அறிந்தே எனக் கூறுதல் மிகையாகும். ஆயினும் பட்டினியை முடித்தலும் ஓர் ஒழுங்குக்கு உட்பட்டதே என அவர்கள் கொண்டமை போற்றத்தக்கது. இன்னுமொன்று: பட்டினியால் மெலிந்த 207 பேரின் வரலாறு 1977 இல் வெளியாயிற்று. சராசரி இரண்டு மாதப் பட்டினியில் 28.2 கிலோகிராம் குறைந்தது. நெடுங்காலம் தொடர்ந்து கவனிக்கப்பட்ட 121 பேருள் அரைப்பங்கினர் இரண்டு மூன்று ஆண்டுகளிற் பழைய நிறைக்கே திரும்பினர். குறைந்த நிறையில் நிலைத்தவர் எழுவரே. குறைத்தல் இரண்டு மாதத்து வேலை. காத்தல் வாழ்நாள் வேலை.

இந்நூற்றாண்டிற் பட்டினி மென்மை பெற்றது. 2012 இல் வைத்தியரும் ஊடகவியலாளருமான மைக்கல் மோஸ்லி நிகழ்த்திய பிரித்தானியத் தொலைக்காட்சி நிகழ்ச்சி, இடையிட்ட உபவாசத்தை உலகெங்கும் பரப்பிற்று. 2016 இல் யப்பானிய அறிஞர் யொஷினோரி ஒசுமி, உயிர்க்கலம் தன் பகுதிகளைத் தானே சிதைத்து மீளப் பயன்படுத்தும் முறையை ஆராய்ந்தமைக்காக நோபெற் பரிசு பெற்றார். இதைக் கொண்டு, உண்ணாதிருந்தால் உடல் தன்னைத் தானே தூய்மை செய்யும் எனப் பலர் பேசலாயினர். ஒசுமியின் அடிப்படை ஆராய்ச்சி மதுவத்தில் நிகழ்ந்தது என்பதையும், மனிதர்க்கு இத்தனை மணி நேரப் பட்டினி வேண்டும் என அது விதிக்கவில்லை என்பதையும் அவர்கள் மறந்தனர்.

மனிதரில் நடந்த சோதனைகள் அடக்கமான விடையே தருகின்றன. 2017 இல் வெளியான சிக்காகோ ஆராய்ச்சியில் நூறு பேர் மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டு ஓராண்டு கவனிக்கப்பட்டனர். ஒருநாள் விட்டு ஒருநாள் உணவைக் குறைத்தோரும், நாள்தோறும் ஓரளவாய்க் குறைத்தோரும் ஏறத்தாழ ஒரே அளவு மெலிந்தனர். ஆனால் இடையில் விலகியோர் முதற் பிரிவில் நூற்றுக்கு 38, இரண்டாம் பிரிவில் 29. 2020 இற் சான் பிரான்சிஸ்கோவில் 116 பேரைக் கொண்டு நடந்த பன்னிரண்டு கிழமைச் சோதனையில், நண்பகல் முதல் இரவு எட்டு மணி வரை மாத்திரம் உண்டோர், மூவேளை உண்டோரைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மெலியவில்லை. அளந்து பார்க்கப்பட்டோர் இழந்த நிறையிலும் பெரும்பகுதி கொழுப்பன்று. 2022 இற் சீனத்துக் குவாங்சோ நகரில் 139 பேரின் கலோரி அளவு ஒருமிக்கக் குறைக்கப்பட்டது. காலை எட்டு முதல் மாலை நான்கு வரை உண்டோர் 8 கிலோகிராமும், நேர வரையறை இன்றி உண்டோர் 6.3 கிலோகிராமும் ஓராண்டில் இழந்தனர். அவ்வேறுபாடு தற்செயலைக் கடந்ததெனக் கொள்ளப் போதாது. எனவே மெலிவிப்பது உணவின் அளவு. நேர வரையறை அவ்வளவைக் காத்தற்கு ஒரு வேலி.

இவ்வரலாற்றினின்றும் ஊக்கம் பற்றிப் பெறத்தக்க முடிபுகள் மூன்று. முதலாவது, தன் இயல்புக்குப் பொருந்திய வேலியைத் தெரிதல். காலையுணவின்றி இருக்கவியலாத ஒருவர் அயலார் செய்கின்றார் என்பதற்காக அதனை விடுதல் நிலையாது. மாலையுணவை முன்னேரத்தில் முடிப்பதும் நோன்பே. இரண்டாவது, பான்ரிங்கைப் போல் அளந்து எழுதுதல். நாளுக்கு நாள் நிறை ஏறி இறங்கும். கிழமைக்கு ஒருமுறை ஒரே நேரத்தில் நிறுத்துக் குறித்தால் மாதத்துப் போக்குத் தெரியும், ஒருநாள் ஏற்றத்தால் மனம் உடையாது. மூன்றாவது, துணை. மினசோற்றா இளைஞர்க்கு விதியாக வந்த துணை, கந்தசட்டி நோற்பார்க்குக் கோயிலிலே இயல்பாய் அமைகின்றது. வீட்டில் அனைவரும் அறிந்து ஒத்துழைத்தால், கோர்ணாரோவின் சுற்றத்தார் போல் வற்புறுத்தி ஊட்டுவார் இரார். ஒருநாள் தவறின் மறுநாள் இரட்டிப்பாய்ப் பட்டினி கிடத்தல் வேண்டா. வழமைக்குத் திரும்புதலே போதும்.

உடல்நலம் பற்றிய முடிபுகளும் தெளிவானவை. நீர் அருந்துதலை விடலாகாது. உண்ணும் வேளையில் மீன், முட்டை, பருப்பு, பயறு, கீரை முதலியவை போதிய அளவு சேர்தல் வேண்டும். சோறும் சீனியும் மாத்திரம் கொண்டு நேரத்தைச் சுருக்கினால் தசை தேயும். நடத்தலும் பாரந் தூக்குதலும் தசையைக் காக்கும். நீரிழிவுக்கு இன்சுலினோ குளிசையோ கொள்வோர் வைத்தியரைக் கேளாது உபவாசம் தொடங்குதல் பேராபத்து. 2001 இல் பதின்மூன்று நாடுகளில் 12,243 நீரிழிவு நோயாளரை ஆராய்ந்தபோது, நோன்பு மாதமாகிய றமழானிற் கடுஞ் சர்க்கரைத் தாழ்வு ஏனைய மாதங்களினும் பன்மடங்காயிருந்தது. கருவுற்றாரும், பாலூட்டும் தாய்மாரும், முன்னரே மெலிந்தோரும், உணவைப் பற்றிய மனநோய் உற்றோரும் இந்நெறியை மேற்கொள்ளலாகாது.

இம்மலரைப் படிக்கும் மாணவர்க்கு ஒரு சொல் தனித்துக் கூறவேண்டும். வளரும் உடலுக்கு உணவே முதல். கண்ணாடியிற் தோன்றும் உருவுக்கு அஞ்சிப் பாடசாலைக் காலத்திற் பட்டினி கிடப்பவர், தமது எலும்பும் தசையும் வளரவேண்டிய ஆண்டுகளை இழக்கின்றனர். நிறை பற்றிக் கவலையுறும் மாணவர், இனிப்புப் பானங்களையும் பொரித்த தின்பண்டங்களையும் குறைத்து, மைதானத்தில் ஓடியாடி விளையாடுதலும் வைத்தியரை அணுகுதலுமே தக்கன. முதிர்ந்தோர்க்கும் விரைவு நன்றன்று. நாற்பது நாளிற் பெற்ற மெலிவு மண்டபத்துக் காட்சியாய் முடிந்ததையும், நாளும் அளந்து உண்ட முதியவர் தாம் கண்ட நலத்தைப் பிறர்க்கு எழுதி வைத்ததையும் மேலே கண்டோம். நோன்பு தொடங்க விரும்புவோர், எத்தனை நாள் உண்ணாதிருப்பேன் என்று கேளாது, எத்தனை ஆண்டு இவ்வளவில் உண்டு நிற்பேன் என்று கேட்டுத் தொடங்குவாராயின், அவர் உறுதியும் நிலைக்கும், உடலும் நிலைக்கும்.